பாட்டுக்குள் என் சிரிப்பு

இன்று சிதறால் போகும் மினிபஸ்ஸில் ஒரே காதல் பாட்டு. உன் காலடியிலேயே கிடப்பேன், நீ போகும் இடமெல்லாம் வருவேன் என்று ஒருத்தன் உருகினான். நானும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன்.

பக்கத்தில் ஜவுளிக்கடை வேலை முடிந்து வந்த ஒரு பிள்ளை. அவள் போன் ஓயவே இல்லை. எட்டிப் பார்த்தால், வந்த மெசேஜ் எல்லாம் பாட்டு வரி!

"ஏட்டி, குடுத்து வச்சவ நீ! எங்க வீட்டுக்காரரு தேங்கா வாங்கணும்னுதான் மெசேஜ் போடுவாரு" என்று சொல்லி, பஸ் அதிரச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

"ஆளு யாருன்னே தெரியாது அக்கா. பிளாக் பண்ணுனா வேற நம்பர்ல வருகான். பாட்டுதானேன்னு வீட்டுல சிரிக்காவ."

அதற்குள் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. கேட்டவள் முகம் வெளுத்து, போனை என் காதில் வைத்தாள்.

எங்கள் பஸ்ஸில் ஓடிய அதே பாட்டு. நடுவில் "குடுத்து வச்சவ நீ" என்று என் குரல். அப்புறம் என் சிரிப்பு.

திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஏழெட்டு ஆண்கள். எல்லார் கையிலும் போன். எல்லாரும் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் நிறுத்தத்தில் நான் இறங்கவில்லை. அவள் கையைப் பிடித்து வீடுவரை கொண்டுவிட்டேன். நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூடப் போகிறேன். என் சிரிப்புதான் சாட்சி.

அந்தப் பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கண்டதைக் கமெண்டில் சொல்லுங்கள் மக்கா.

பாட்டு மட்டும் போடாதீர்கள்.