மீன் எண்ணெய்க்குச் சீட்டுப் போட்டேன்

அன்பர்களே, எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. என் கைக்கு நேர்ந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

மயிலாப்பூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் டீச்சர். விடியுமுன் போவேன், இருட்டின பிறகு திரும்புவேன். சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று ஜன்னலைத் திறக்கவே மாட்டார்கள். வெயில் என்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரம்.

எழுபத்து மூன்றாம் வருஷம், மார்கழி. ஒரு காலை எழுந்தால் விரல்கள் மடங்கவில்லை. கணுவுக்குக் கணு வீக்கம். தொட்டால் சுட்டது. இடுப்பும் காலும்கூட உள்ளுக்குள் விண்விண்ணென்று வலித்தன. ரவிக்கைக் கொக்கியை மாமியார் போட்டுவிட்டார். வலியைவிட அந்த அவமானத்தில்தான் அழுதேன். விரல் போனால் வேலை போய்விடும். அந்த வேலையைத் தவிர எனக்கென்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இருக்கவில்லை.

டாக்டரம்மா முடக்குவாதம் என்றார். அதற்கு ஊசி எழுதினார். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யும் உடம்பில் போதவில்லை போலிருக்கிறது என்றார். அந்தக் குறைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டா என்று கேட்டேன். இருக்கலாம், யாருக்கும் இன்னும் உறுதியாகத் தெரியாது, ஆனால் குறை இருந்தால் வலி கூடும் என்றார். தினமும் பத்து மணி வெயிலில் அரை மணி நேரம் உட்காரச் சொன்னார். கூடவே மீன் எண்ணெய் மாத்திரை.

மீன் எண்ணெய்! அமாவாசைக்கு வெங்காயம்கூட நுழையாத வீடு எங்களுடையது. மாமியார் பாட்டிலைப் பார்த்தார்.

“அதை ஆத்துக்குள்ள கொண்டு வராதே. வேணும்னா வாசல்லயே நின்னுண்டு முழுங்கிடு.”

பாட்டில் வாசலில், மின்சார மீட்டர் பெட்டி மேல் உட்கார்ந்தது. ஒரு மாதம் நான் அதைத் தொடவில்லை. எனக்கும் மனசு கூசியது, பொய் சொல்வானேன்? வலியோ கூடிக்கொண்டே போனது. இன்ஸ்டிட்யூட் முதலாளியும் வேறு ஆள் பார்க்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டுவிட்டார்.

கடைசியில், அம்பாளே சொல்லட்டும் என்று சீட்டுப் போட முடிவு செய்தேன். ஒரு சீட்டில் ‘வேண்டும்’, இன்னொன்றில் ‘வேண்டாம்’. பேனா பிடிக்க முடியாததால் மெஷினில் ஒற்றை விரலால் அடித்தேன். மடித்துக் கொண்டுபோய்க் கற்பகாம்பாள் சந்நிதியில் வைத்து, தாயே, உன் வாக்குப்படி நடக்கிறேன் என்று மனசுக்குள் அழுதேன். நிஜத்தில் ‘வேண்டாம்’ வரட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

சீட்டை வேறு யாராவது எடுத்தால் நல்லது என்று வெளியே வந்து பூக்காரி கன்னியம்மாவிடம் நீட்டினேன். ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ‘வேண்டும்.’ எனக்கு முகம் விழுந்துவிட்டது. அதற்குள் அவள் மற்றதையும் பிரித்துப் பார்த்தாள்.

“இன்னாமா, ரெண்டும் ஒரே மாதிரி கீது?”

“உனக்குப் படிக்கத் தெரியுமா?”

“படிக்கத்தான் தெரியாது. கண்ணு தெரியும்ல?”

வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் ‘வேண்டும்’. ‘அனுப்ப வேண்டும்’, ‘தெரிவிக்க வேண்டும்’ என்று வருஷக்கணக்காக ஆபீஸ் கடிதம் அடித்த விரல், பழக்கத்தில் ஓடியிருக்கிறது. அடித்ததை ஒருமுறை படித்துப் பார் என்று மாணவிகளைத் திட்டுகிறவள் நான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மறுபடி சீட்டு எழுதத் தோன்றவில்லை. நான் கேட்கத் தெரியாமல் கேட்டதை அம்பாள் திருத்தி வாங்கிக்கொண்டாள் என்றே பட்டது.

அன்றே வாசலில் நின்று மாத்திரையை விழுங்கினேன். மாமியார் உள்ளேயிருந்து தண்ணீர் மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாளிலிருந்து பத்து மணிக்கு அரை மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கன்னியம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “குந்துமா, வெயிலு எல்லாருக்கும்தான்” என்பாள். அந்த அரை மணியை எப்படிச் சொல்வது? கண்ணை மூடினால் இமைக்குள் செம்பருத்தி நிறம். ஈரத் துணிக்குள் மல்லிகை வாசனை. குளத்துப் பக்கமிருந்து காற்று. மணி அடிப்பது எங்கோ தூரத்து ஊரில் அடிப்பதுபோல் கேட்கும். தூங்கினேனா, ஜபித்தேனா, எனக்கே தெரியாது. உடம்பு என்று ஒன்று இருப்பதையே மறந்துபோவேன். வெயில் ஏறி, நெற்றி சுட்டால்தான் விழிப்பேன்.

சித்திரையில் எலும்பு வலி விட்டது. வைகாசியில் வீக்கம் தணிந்தது. ஊசி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, வெயில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. நானும் பிரிக்கவில்லை. மருந்தை இன்றுவரை விடவுமில்லை, நீங்களும் விடாதீர்கள். மெஷின் முன்னால் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். இடது மோதிர விரல் மட்டும் கோணல்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆடி வெள்ளியன்று சந்நிதியில் தீபாராதனை. என்னையறியாமல் கை கூப்பினேன். உள்ளங்கையோடு உள்ளங்கை ஒட்டியது. அப்போதுதான் உறைத்தது, இத்தனை மாதமும் கூப்ப முடியாமல் கையைத் தொங்கவிட்டுக்கொண்டேதான் அவள் முன்னால் நின்றிருக்கிறேன். ஒருநாளும் அவள் அதைக் கணக்கில் வைக்கவில்லை.

கை கூப்ப முடியாதவர்கள் யாராவது இங்கே இருந்தால், அப்படியே அவளிடம் வாருங்கள்.