ஜன்னல் கழுவிய தண்ணீர்

சிலேசியா என்ற சுரங்கப் பகுதியில் எங்கள் தெருப் பெண்களுக்கு ஜன்னலில் அழுக்கு இருந்தால் மானம் போன மாதிரி. பக்கத்திலிருந்த ஈயம் உருக்கும் உலை கக்கிய கரி படியப் படியக் கழுவினோம். வலெஸ்கா தினமும் கழுவினாள். அந்தத் தண்ணீரையும் வீணாக்காமல் கீழேயிருந்த கேரட் பாத்தியில் ஊற்றினாள். அவள் மகன் ஆகிமுக்கு ரத்தசோகை. ரத்தம் ஊறட்டும் என்று அந்தக் கேரட்டைத்தான் பிழிந்து கொடுத்தாள். ஏழு வயதில் போய்விட்டான்.

உலையை மூடிப் பல வருடம் கழித்து, மண்ணின் காந்தத்தன்மையை அளக்க ஓர் இளம்பெண் வந்தாள். புகையோடு விழுந்த இரும்புத் தூசி மண்ணிலேயே கிடக்குமாம். அது அதிகமுள்ள இடத்தில் ஈய விஷமும் அதிகமாம். வளையம் பொருத்திய அளவுகோலைத் தோட்டமெங்கும் வைத்துப் பார்த்தாள். கேரட் பாத்தியில் மட்டும் அது காட்டிய எண் மும்மடங்கு ஏறியது.

"இங்க என்னம்மா கொட்டுனீங்க?"

"ஜன்னல் கழுவுன தண்ணிதான். இந்தத் தெருவுலயே என் ஜன்னல்தான் பளிச்சுனு இருக்கும், யாரை வேணா கேளு," என்றாள் வலெஸ்கா பெருமையாக.

அந்தப் பெண் கோலை மறுபடி பாத்தியில் வைத்து எண்ணைப் பார்த்தாள். வலெஸ்கா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாத்தியைப் பார்த்தாள்.

"இதுல உலை போட்டது எவ்வளவு, நான் ஊத்துனது எவ்வளவு? பிரிச்சுச் சொல்லும்மா."

உலையை நடத்தியவன் ஒருத்தன்கூட இன்றுவரை அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.