கை சொன்ன சேதி

கயிற்றுக் கம்பெனியில் அவளுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். கம்பெனியிடம் கயிறு வாங்கிய இடங்களுக்கெல்லாம் நேரில் போய், எந்தக் கயிற்றை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. போன இடத்திலெல்லாம் 'கயித்தம்மா' என்றே கூப்பிட்டார்கள். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் முழ நீளத்துக்கு வெட்டிய நைலான் கயிற்றுத் துண்டுகள். நல்லதும் கெட்டதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆட்களை வட்டமாக உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்லுவாள்.

"கண்ணால காண்பதும் பொய்யின்னு சும்மாவா சொன்னாங்க? கைய நம்புங்கப்பா. வளைச்சுப் பாருங்க. எந்த இடம் வளைய மாட்டேன்னு அடம்பிடிக்குதோ, அங்க உள்ள நூலெல்லாம் சூட்டுல உருகி ஒட்டிப்போச்சுன்னு அர்த்தம். வெளியில மினுக்கிக்கிட்டுத்தான் இருக்கும், என் வீட்டுக்காரர் சட்டை மாதிரி!"

சிரிப்பார்கள். ஆனால் கை மறக்காது.

பிறகு கம்பெனி அவளையே பேசவைத்து நாற்பது நிமிடத்துக்கு ஒரு வீடியோ எடுத்தது. வளைத்துப் பார்க்கச் சொல்லி அதிலும் சொன்னாள்தான். ஆனால் எவ்வளவு விறைப்பு இருந்தால் கெட்டது என்பதை வீடியோ யார் கையிலும் கொண்டுபோய்க் கொடுக்குமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மேனேஜரோடு மல்லுக்கு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அவளுக்கு முழங்கால் வலி. பஸ் படி ஏறி இறங்கி அலுத்துப்போயிருந்தது. இனி வீட்டிலிருந்தே ஃபோனில் பதில் சொன்னால் போதும் என்றதும், அப்பாடா என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். பாவி, அந்தச் சந்தோஷத்தைத்தான் அவளால் இப்போது மன்னிக்க முடியவில்லை.

கப்பல்களைக் கரையோடு கட்டுகிற வேலையில் இருந்த மேஸ்திரி ஒருவர், அவள் நேரில் பார்த்தறியாத ஆள், ஒரு காலையில் ஃபோன் செய்தார்.

"அம்மா, ஒரு கயிறு சந்தேகமா இருக்கு. நீங்க ஒரு தடவை நேர்ல வந்து பாத்தா தேவலை."

"அவ்வளவு தூரம் எதுக்குங்க? போட்டோ எடுத்து அனுப்புங்களேன்."

ஏழு போட்டோ வந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்கு! தைரியமாக் கட்டுங்க."

"சரிங்கம்மா. நீங்க சொன்னா சரிதான்."

நான்காம் நாள் அந்தக் கயிறு அறுந்தது. அறுந்த முனை சாட்டையாகத் திரும்பி வந்து மேஸ்திரியின் நெஞ்சில் அடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். 'வீடியோ பார்த்தும் கயிற்றைச் சரியாகச் சோதிக்காத மேஸ்திரியின் கவனக்குறைவு' என்று மேனேஜர் ஒரு அறிக்கை தயார் செய்து, அவள் கையெழுத்துக்காக நீட்டினார்.

"போட்டோ விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும். செத்தவரு வந்து மறுக்கவா போறாரு?" என்றார்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தைத் துணிப்பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மேஸ்திரியின் வீடு இரண்டாவது மாடியில், இரண்டே அறை. வாசலில் அவருடைய வேலை பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கதவைத் திறந்த அவர் மனைவி, உற்றுப் பார்த்தாள்.

"வீடியோல வர்ற அக்காதானே? நாலு தடவ போட்டுப் பாத்தாரு உங்கள. உள்ள வாங்க."

நாற்காலி போட்டுத் தண்ணீரும் கொடுத்துவிட்டு மேஸ்திரியின் மனைவி பேச ஆரம்பித்தாள். "அவர் ஒழுங்காப் பாக்கலைன்னு எல்லாரும் சொல்றாங்கக்கா. எம் பொண்ணே கேக்குறா, அப்பா அசட்டையா இருந்தாராம்மான்னு. நான் என்னன்னு சொல்ல?"

"வீட்டுல ஏதாச்சும் சொன்னாரா?"

"சொன்னாரே. ஒரு முழம் மட்டும் விறகு மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குதுன்னாரு. அப்புறம் அவரே, 'கயித்தோடவே பொறந்த அம்மா நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க, என் கை காய்ச்சுப்போன கை, அதுக்கு என்ன தெரியும்'னு சிரிச்சாரு."

கையில் எப்படித் தெரிகிறது என்று அன்றைக்கு ஃபோனில் கேட்டிருந்தால் போதும். ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி, அவரிடம் கேட்க வாய் வரவில்லை. கயித்தம்மா பையிலிருந்து ஒரு கெட்ட கயிற்றுத் துண்டை எடுத்து மேஸ்திரியின் மனைவியிடம் கொடுத்தாள்.

"கண்ண மூடிக்கிட்டு வளைச்சுப் பாரும்மா."

விரல்கள் மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் நின்றன.

"இங்க வளைய மாட்டேங்குதே."

"அதேதான். அதேதாம்மா அவர் கை சொன்னது. அவர் சரியாத்தான் பாத்தாரு. போட்டோவப் பாத்துட்டுக் கட்டுங்கன்னு சொன்னவ நான். தப்பு என்னோடது."

அங்கேயே அறிக்கையைப் பிரித்து, அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, நடந்ததை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு வாசித்துக் காட்டினாள்.

"எனக்கு இதுல ஒரு காப்பி வேணும். பொண்ணு பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்ததும் காட்டணும்," என்றாள் மேஸ்திரியின் மனைவி.

திட்டவில்லை, அழவுமில்லை. கயிற்றுத் துண்டைத் திருப்பித் தரவும் இல்லை. அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது தெரிய எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல," என்றாள். "ஒரு தடவ நேர்ல வந்திருக்கலாமேக்கா."