பூட்டிய அறையில் கேட்ட "பாவா"

முருகனை நம்பும் அக்கா தங்கைமார்களுக்குத் திருத்தணியிலிருந்து எழுதுகிறேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் என் கையால்தான் எழுதுவேன்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், மாசி மாதம். நாற்பதுக்கு மேல் நான் பெற்ற ஒரே மகள் சுந்தரியை, என் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், உள்ளறையில் போட்டுப் பூட்டிவிட்டார். சாவி அவர் இடுப்பில். விதவையான நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். மறுநாள் காலை ரயிலில் போனால்தான் சென்னைக் கல்லூரியில் அவள் பரீட்சை எழுதலாம்.

எல்லாம் ஒரு நோட்டால் வந்தது. பி.ஏ.வில் துணைப்பாடமாக மொழிநூல் எடுத்திருந்தாள். ஊர்ப் பேச்சைக் காதில் விழுந்தபடியே எழுதிவர வேண்டுமாம். நம் எழுத்தில் எல்லா ஒலியும் அடங்காதாம். தலைகீழ் எழுத்தும் புள்ளியும் கோடுமாக நிரப்பியிருந்தாள். தை மாதம்தான் மூத்தாரின் மனைவி காய்ச்சலில் போயிருந்தாள். அவள் பெயர் மட்டும் அதில் தமிழில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டார்.

"சூனியம் வச்சிக்கீறா! எம் பொண்டாட்டி பேர எழுதி கோடு கீசிக்கீறா பாரு!"

"அது பாடங்க மாமா" என்றேன்.

"தலகீழா எழுதறது ஒரு பாடமா? இத்த கொளுத்திட்டுதான் கதவத் தெறப்பேன்."

யார் காலிலும் விழாதவள் நான். அன்று விழுந்தேன். நகர்ந்துகொண்டார். உள்ளே சுந்தரியின் அழுகை நின்றுபோயிற்று. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மலையைப் பார்த்தேன். "தணிகேசா, என் பேச்சு எடுபடவில்லை. நீ பேசு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பெரிய நைனா, அந்த நோட்ட ஜன்னல்ல குடுங்க. படிச்சிக் காட்றேன். மந்திரமா இருந்தா கொளுத்துங்க."

கம்பி வழியாக நீட்டினார். சுந்தரி விரல் வைத்துப் படித்தாள்:

"பா...வா! மாட்டோட பேசனது போதும். சோறு ஆறிகினு கீது, வந்து துன்னு."

அவரை "பாவா" என்று கூப்பிட்டவள் செத்துப்போன அவர் மனைவி ஒருத்திதான். அவள் இருந்தபோது பேசியதைச் சுந்தரி கேட்டபடியே எழுதி வைத்திருந்தாள். அதே இழுப்பு, அதே சலிப்பு. அந்த இழுப்புக்குத்தான் அந்தக் கோடு.

மூத்தார் ஜன்னல் கம்பிக்குக் கிட்டே வந்தார். "இன்னொரு தபா படிம்மா." மூன்று தபா படிக்கச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பாராமல் சாவியைக் கையில் போட்டார்.

காலையில் அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். மகள் தேறிவிட்டாள். அந்த வரியை ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்திருக்கிறார். அந்தத் தலைகீழ் எழுத்தில் ஒன்றும் அவருக்குப் படிக்கத் தெரியாது. தினமும் எடுத்துப் பார்க்கிறார்.

கிருத்திகைதோறும் படியேறுகிறேன். பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறவளே, அவனைக் கூப்பிடு. நிறையச் சொல்ல வேண்டாம். எனக்கும் அன்று அவ்வளவுதான் சொல்ல வந்தது.