பித்தானின் இரண்டு வயதுகள்

பித்தானுக்கு இரண்டு வயது உண்டு. வீட்டில் பத்தொன்பது, காகிதத்தில் பதினேழரை.

குழந்தையாக இருந்தபோது சட்டைப் பித்தானை விழுங்கியதால் வந்த பெயர் அது. நோயில் படுத்துத் தாமதமாகப் பள்ளிக்குப் போனவளை, வயது கூடிவிட்டதென்று சேர்க்க மறுத்தார்கள். பெயின்டரான அப்பா பிறந்த தேதியில் ஒன்றரை வருடத்தைச் சுரண்டிவிட்டார். பழைய பூச்சைச் சுரண்டிப் பழகிய கைதானே!

இப்போது அவள் தையற்காரி. மருந்துக்கடைக்காரர் ஒருவருக்குச் சொந்தமான, அவர் கடையை ஒட்டிய அறையை மூன்று வருட வாடகை ஒப்பந்தத்தில் எடுத்து, ஆறு மாதமாகத் தைக்கிறாள். கையெழுத்திட்ட அன்று அவர் வயது கேட்டார். "பதினெட்டு முடிஞ்சிருச்சுங்க" என்றாள். பொய்யில்லை. அடையாள அட்டை நகலை அவர் படிக்காமலே மடித்து வைத்துக்கொண்டார்.

தன் மருந்துக்கடையை அகலப்படுத்த ஆசை வந்ததும் அந்த நகலைப் பிரித்துப் படித்தார்.

"ஏம்மா, நீ மைனராம்ல! மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாதுன்னு வக்கீல் சொல்றார். மாசக் கடைசியில காலி பண்ணிடு."

அப்பா ஓடி வந்தார். "பத்தொன்பது ஆயிடுச்சுங்க. பெத்த எனக்குத் தெரியாதா?"

"பெத்தது உங்க சம்சாரம். நீங்க எழுதினதுதான் இங்க இருக்கு."

பித்தான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நிஜத்தை நிரூபித்தால் அப்பா பொய்யர். காகிதத்தை ஒப்புக்கொண்டால் அறை போச்சு. அப்படியானால் ஆறு மாதமாக இங்கே தைத்தது யார்?

மேசையில் கடைக்காரரின் கருநீலக் கோட்டுத் துணி பதினான்கு துண்டுகளாகக் கிடந்தது.

"ஐயா, தைச்சுத் தர்றேன்னு ரசீதுல நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதுவும் செல்லாதா? துண்டாவே எடுத்துட்டுப் போறீங்களா?"

"என்ன, நக்கலா? வெள்ளிக்கிழமை எனக்கு அது வேணும்!"

"இல்லைங்க, நிஜமாவே தெரியல."

தெரியத்தான் இல்லை. அவர் தனியாகக் கிடந்த கோட்டுக் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"பதினெட்டு ஆக எத்தனை மாசம்?"

"ஆறு. காகிதத்துலங்க."

"அதுவரைக்கும் ஒப்பந்தத்தை உங்க அப்பா பேர்ல எழுதிக்கலாம். அப்புறம் வந்து நீ கையெழுத்துப் போடு. கோட்டைக் கெடுத்துடாதே, தாயே!"

அன்றே அப்பா கையெழுத்துப் போட்டார். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவர் தையற்கடைக்கு உரியவரானார்.

மறுநாள் காலையில் ஒருவர் துணிப்பையோடு எட்டிப் பார்த்தார்.

"கடைக்காரங்க யாருங்க?"

பித்தான் அப்பாவைப் பார்த்தாள். அப்பா பித்தானைப் பார்த்தார்.