கொம்பு வில்லுக்கு எடுத்த பாலிசி

1. இரண்டு வரிக் கடிதம்

“பழுதான பொருளுக்கு இன்சூரன்ஸ் கவர் கிடையாது. ப்ரப்போசல் நிராகரிக்கப்படுகிறது.”

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இந்த இரண்டு வரிதான் இன்ஸ்பெக்டர் வேலையில் நான் வாங்கிய முதல் பெரிய அடி. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ஒரு தனியார் தீ இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் செங்கல்பட்டு வட்டாரம் முழுக்க நான் ஒருவன்தான் ஆள். அரிசி மில், வைக்கோல் கிடங்கு, ஜவுளிக்கடை என்று சைக்கிளில் அலைந்துகொண்டிருந்த என்னிடம் வந்து சேர்ந்த பார்ட்டி, மாட்டு டாக்டர் நாதமுனி.

யுத்த காலத்தில் ராணுவத்தில் கோவேறு கழுதைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு வடக்கே சுற்றியவர் அவர். மற்றவர்கள் போன இடத்தில் சால்வை வாங்கினார்கள், இவர் வில் வாங்கினார். ஓய்வு பெற்றதும் மகாபலிபுரத்தில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் வீடு கட்டி, ஓர் அறை முழுக்க வில்லாக அடுக்கிவிட்டார். மூங்கில் வில்கள், மலைவாசிகளின் வில்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, எருமைக் கொம்பையும் தசைநாரையும் மரத்தில் ஒட்டிச் செய்த கொம்பு வில்கள்.

சென்னையில் ஒரு கண்காட்சியில் அவற்றை வைக்க அழைப்பு வந்திருந்தது. இன்சூர் செய்யாத பொருள் வாசலைத் தாண்டாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ‘வில்லு டாக்டர்’ என்று ஊர் கேலி பேசியே பழகிப்போன மனிதரை முதல் தடவையாக நாலு பேர் மதித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாலிசி இல்லையென்றால் அதுவும் போச்சு.

“இன்னா தம்பி, இந்தக் குச்சிங்களுக்கு இன்சூரன்ஸா? என் மூட்டு வலிக்கு ஏதாவது கீதா பாரேன்” என்றார் அவர் மனைவி பட்டம்மாள், காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு.

2. நகை இல்லாத கல்யாணப் பெண்

நிராகரிப்பு ஏன் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வில்லுக்கும் அடையாளச் சீட்டு ஒன்று கட்டி, நீளம் அளந்து, எதனால் செய்தது, என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதினேன். படம் பிடிக்கச் செங்கல்பட்டு ஸ்டுடியோக்காரர் முனுசாமியை அழைத்துப் போனேன். கல்யாணப் படம் எடுத்தே பெயர் வாங்கியவர். வில்லைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“நாணு ஏத்துங்க சார். நாணு இல்லாத வில்ல எவன் வில்லுன்னு ஒத்துக்குவான்? கல்யாணப் பொண்ண நகை இல்லாம படம் புடிக்கச் சொல்றீங்களே.”

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “நாணோடயே வெச்சிருந்தா வில்லு வலுவ வுட்டுடும்யா. உழவு முடிஞ்ச மாட்ட நுகத்தடியிலயே கட்டி வெப்பியா நீ?”

அதனால் நாண் இல்லாமலே எடுத்தோம். வினையே அங்கேதான் ஆரம்பித்தது. மூங்கில் வில்லில் நாணைக் கழற்றினால் அது ஏறக்குறைய நேராகிவிடும். கொம்பு வில் அப்படியில்லை. எதிர்ப்பக்கமாகச் சுருண்டு அரிவாள் மாதிரி ஆகிவிடும். கொம்புப் பக்கம் எய்பவனைப் பார்த்து இருக்கும் என்று நான் எழுதியிருந்தேன். படத்திலோ கொம்பு வெளிப்பக்கம் இருந்தது. தலைமை அலுவலகத்தில் பார்த்தவர்கள், கோணிப்போன சரக்கை நல்ல சரக்கு என்று தள்ளிவிடப் பார்க்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. யாராவது நேரில் வந்து பார்த்துவிட்டு மறுக்கட்டும் என்று பதில் போட்டேன். மேனேஜரே வருவதாகத் தகவல் வந்தது. கடற்கரையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருப்பார்.

3. டோட்டல் லாஸ்

கழுத்தில் டையோடு மேனேஜர் டாக்டர் வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கினார். நாண் ஏற்றிய நிலையிலும் படம் வேண்டியிருக்கும் என்று முனுசாமியையும் வரச்சொல்லியிருந்தேன். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், மேனேஜர் இருப்பதிலேயே நல்ல கொம்பு வில்லை எடுத்து, மறுபக்கம் விரித்து வளைக்காமல், சுருண்டிருந்த வாக்கிலேயே இரண்டு நுனியிலும் நாணை மாட்டிவிட்டார். நாண் தொளதொளவென்று தொங்கியது.

“பாத்தீங்களா மிஸ்டர்? வில்லே சுருங்கிப்போச்சு. இது டோட்டல் லாஸ்.”

சொன்னதோடு விட்டிருக்கலாம். நாணைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். கொம்பு முனகியது. டாக்டர் பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டார்.

“விடுங்க சார்! இன்னும் ரெண்டு விரல்கடை இழுத்தா பொளந்துடும்!”

வில்லைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார். விரிசல் ஏதும் விழவில்லை. ஆனால் மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. கார் கதவைப் பார்த்துத் திரும்பினார். என் வேலைகூட அப்போது நினைவுக்கு வரவில்லை, டாக்டர் முகத்தைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

“இன்னா சார், வந்தவரு அரகொறையா பாத்துட்டுப் போறீங்க? குந்துங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பட்டம்மாள் இரும்புச் சட்டியில் தணலோடு வந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

கொம்பு சூட்டில் இளகட்டும் என்று டாக்டர் வில்லைத் தணலுக்கு மேலே இப்படியும் அப்படியுமாகக் காட்டினார். பிறகு கீழே உட்கார்ந்து, இரண்டு முழங்காலாலும் அழுத்தி, மெதுவாக விரித்தார். அரிவாள் நேரானது. நேரானது மறுபக்கம் வளைந்தது. அவருடைய கை கால் எதுவும் சும்மா இல்லை. நாணைப் பிடித்தது பட்டம்மாள்தான்.

“இடது பக்கம் முறுக்கிகினு போவுது, கொஞ்சம் தளத்துங்க. ம், இப்ப அமுக்குங்க. அவசரப்படாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?”

டாக்டர் சொன்னபடியே அழுத்தினார். அந்தம்மாள் இரு நுனியிலும் நாணை மாட்டி, தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “விடுங்க” என்றார். நாண் விண்ணென்று நின்றது. மேனேஜர் காரை மறந்துவிட்டார். முனுசாமி பரபரவென்று படம் எடுத்துத் தள்ளினார்.

ஆளில்லாத கரைக்குப் போனோம். டாக்டர் கடலைப் பார்த்து நின்று இழுத்து விட்டார். அம்பு போனதை நான் பார்க்கவே இல்லை, சத்தம்தான் கேட்டது. மேனேஜர் கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, பூட்ஸ் நனைவது தெரியாமல் அலைக்குள் போய் நின்றார்.

“அம்பு எங்கேய்யா?”

“இந்நேரம் மீன் குத்திகினு இருக்கும் சார்” என்றார் முனுசாமி.

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “சரி, கவர் தரேன். அம்புக்கு மட்டும் கேக்காதீங்க.”

எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது. மேனேஜர் நிற்கிறாரே என்று அடக்கிக்கொண்டேன்.

4. பெயர்

பாலிசி வரும்வரை செல்லுபடியாகும் கவர் நோட்டை, கார் பானெட்டின் மேல் வைத்தே எழுதினேன். நாண் இறக்கிய கொம்பு வில் எதிர்ப்பக்கம் சுருண்டிருப்பது பழுது ஆகாது என்று தனி ஷரத்து சேர்த்தேன். ஒவ்வொரு வில்லுக்கும் இறக்கிய நிலையில் ஒரு படம், ஏற்றிய நிலையில் ஒரு படம். அப்புறம் எங்கள் கம்பெனியில் இந்த மாதிரிப் பொருளுக்கெல்லாம் அதுவே வழக்கமாயிற்று.

பாலிசிதாரர் பெயர் எழுதும் இடத்தில் டாக்டர் என் கையைப் பிடித்தார். “பட்டம்மாள் பேரையும் போடுங்க.”

“போடறதுதான் போடறே, மொதல்ல போடு தம்பி” என்றார் அந்தம்மாள். “இவுரு அம்ப வுட்டுட்டு வேடிக்க பாப்பாரு. காய வெக்கறது, எண்ண தடவறது, எறக்கி வெக்கறது எல்லாம் இந்த வூட்ல யாருன்னு நெனச்சே?”

டாக்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். முதலில் அந்தம்மாள் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து, பொருள் யாருடையது என்று கேட்ட கையோடு, அதைப் பார்த்துக்கொள்வது யார் என்றும் கேட்பது என் வழக்கம். இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

கண்காட்சிக்கு நானும் போயிருந்தேன். கொம்பு வில்களைச் சுற்றி நல்ல கூட்டம். பட்டம்மாள் பட்டுப்புடவை கட்டி நடுவில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.