‘உள்ளே’ என்று மட்டும் சொன்னேன்

அக்கா மாரடைப்பில் எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கொடுக்கும்போது எனக்குத் தலை நிமிரவில்லை. காரணத்தை இதிலேயே எழுதிவிடுகிறேன்.

அக்கா வல்லத்துக்குப் பக்கத்தில் பிறந்தார். எனக்குப் பதினான்கு வயது மூத்தவர். அம்மா இறந்தபின் எனக்குத் தலை வாரியவர் அவர்தான். திண்டிவனம் பக்கம் வாழ்க்கைப்பட்டபோது என்னையும் கூட்டிப் போய், விழுப்புரத்தில் விடுதியில் சேர்த்து பார்மசி வரை படிக்க வைத்தார். கல்லூரி முகாம்களில் வெள்ளைப்படுதலைப் பற்றி மைக் பிடித்துப் பேசிக் கைதட்டல் வாங்கியவள் நான்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கே அது வந்தது. திரிந்த பால் போல வெள்ளை, தாங்க முடியாத அரிப்பு. உடம்புச் சூடு என்று மூன்று மாதம் மோர் குடித்துச் சமாளித்தவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனேன். டாக்டர் பரிசோதித்து ஆறு மாத்திரை எழுதினார். மருந்து வாங்கும் ஜன்னலில் கூட்டம். “தங்கச்சி பார்மசியா? அப்ப நீங்களே சொல்லிடுங்க” என்று மருந்தாளுநர் என்னிடம் விட்டுவிட்டார்.

பஸ்ஸில் அக்கா கேட்டார். “எப்படிடி போட்டுக்கணும்?”

முன் சீட்டில் இரண்டு ஆண்கள். “ராத்திரி படுக்கசொல்ல உள்ள வெச்சிக்கக்கா. முழுங்கக் கூடாது.”

“உள்ளன்னா?”

“உள்ளதான்க்கா. ஜல்தி எறங்கு, ஸ்டாப் வந்துடுச்சி.”

வீட்டிலாவது சொல்லியிருக்கலாம். பரீட்சை என்று அன்றே விழுப்புரம் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தால், மல்லாட்டைக் கடலை பறிக்கப் போகாமல் அக்கா படுத்திருந்தார். சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்தது. பார்க்க வந்த கிராம சுகாதார செவிலியர் கேட்டார்: “மாத்திரைய எங்கம்மா வெச்சீங்க?”

“கன்னத்துலதான் நர்சம்மா. சுண்ணாம்பு கணக்கா, கரையறதுக்குள்ள உசுரே பூடுது.”

செவிலியர் சிரிக்கவில்லை. “யாரு அப்படிச் சொன்னது?” என்று என் பக்கம் திரும்பினார்.

“அவ சரியாத்தான் சொன்னா, படிச்ச புள்ள. எனுக்குத்தான் மண்டையில ஏறல.”

நான் மறுக்கவில்லை. ஆமாம் என்பது போலத் தலையும் ஆட்டினேன்.

செவிலியர் கதவைச் சாத்தினார். “மாச ரத்தம் வர்ற வழியில, விரலால உள்ள தள்ளி வெக்கணும்.” ஒரே வாக்கியம். புதிய மாத்திரைகளில் பத்தே நாளில் அக்கா நிலத்தில் இறங்கிவிட்டார்.

அதன்பின் மாத்திரை வாங்கப் போகும் பெண்களை எல்லாம் நிறுத்திச் சொல்வார்: “கன்னத்துல அடக்கிக்கினு கெடந்த முட்டாளு நானு. நீங்களாவது நல்லா கேட்டுக்கினு வாங்க.” அந்தக் கதையில் ஒருநாளும் என் பெயர் வந்ததில்லை.

அந்தச் செவிலியருக்கும், கடைசி நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்த பக்கத்து வீட்டாருக்கும், இன்றுவரை என்னைத் தன் வீட்டுப் பிள்ளையாக வைத்திருக்கும் மாமாவுக்கும் நன்றி. அக்காவின் கதையைக் கேட்டுச் சிரித்த அனைவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அக்காவுக்குப் புரியாமல் போகவில்லை. நான் சொல்லவில்லை.